சூலியா தெருவில் சீனக் கிண்ணம் வாங்குவது

பினாங்குக்குப் பழம்பொருள் தேடி வருகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பில் கேட்பது மிங் காலத்துப் பீங்கான். சூலியா தெருவில் அதை எதிர்பார்க்காதீர்கள். யாராவது அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து, குரலைத் தாழ்த்தி, "இது மிங்" என்று நீட்டினால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். இந்தத் தெருவிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் இன்னமும் அசலாகக் கிடைப்பவை, இந்த ஊர் சாப்பிட்டுப் புழங்கிய கிண்ணங்கள். படகுத்துறைக் கூலிகளும் கடைச் சிப்பந்திகளும் கஞ்சி குடித்தவை, இந்த மண்ணில் வேரூன்றிய சீனர்களான பாபாக்களின் வீடுகளில் கல்யாணத்துக்கென்று வரவழைத்தவை, முன்னோர் படத்துக்கு முன்னால் படையல் வைத்தவை. பெரும்பாலும் நூறிலிருந்து இருநூறு வயதுக்குள் இருக்கும்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர் இவற்றில்தான் கை வைக்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம் எளிது. போலி செய்கிறவன் தன் உழைப்பை நல்ல விலை போகும் சாமானில்தான் போடுவான். கூலிக்காரன் கிண்ணத்தைப் போலி செய்து அவனுக்கு என்ன லாபம்? அதனால் மலிவான முரட்டுக் கிண்ணத்தில் ஏமாறும் வாய்ப்பு குறைவு. ஏமாந்தாலும் ஒரு வேளை நாசி கண்டார் செலவோடு போகும். அசலைக் கையில் வைத்துப் பழகிய பிறகு விலை கூடியதற்குப் போகலாம். முதல் கொள்முதலையே பெரிய விலையில் செய்தவர்கள் வீட்டில் அழகான புதுக் கிண்ணங்கள் நிறைய இருக்கின்றன.

எங்கே தேடுவது

சூலியா தெரு பினாங்கு ரோட்டில் தொடங்கிக் கடலோரத்து வெல்ட் கீ வரை போகிறது. 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் ஊர் அமைத்தபோது சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம் வணிகர்களும் படகோட்டிகளும் வாழ்ந்த பகுதி இது. கிங் தெரு முனையில் நாகூர் தர்கா, சற்றுத் தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா தெருவிலேயே தியோச்சூ மக்களின் ஹான் சியாங் கோயில். அந்தக் கோயில் கட்டடம் 1870-ஐச் சேர்ந்தது. அதைப் புதுப்பித்ததற்கு 2006-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

கடை தேடும் முன் சீனக் கோயில்களின் கூரையை அண்ணாந்து பார்க்கப் பழகுங்கள். கூரை முகட்டில் நெளியும் டிராகன்கள், பூக்கள், போர்வீரர்கள் எல்லாம் வண்ண மெருகிட்ட பீங்கான் கிண்ணங்களை இடுக்கியால் வெட்டி, துண்டு துண்டாகச் சுண்ணத்தில் பதித்துச் செய்தவை. இந்த வேலைக்கென்றே மெல்லிய வண்ணக் கிண்ணங்கள் தனியாக வனையப்பட்டன. லீத் தெருவிலுள்ள சியோங் பாட் சீயின் நீல மாளிகையில் இந்த வேலையைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். நல்ல மெருகின் நிறம் நூறாண்டு மழைவெயிலில் எப்படி நிற்கிறது என்பதைக் கற்றுத்தருகிற பாடம் இது.

கடைகள் நிலையாக இருப்பதில்லை. போன தடவை பழம்பொருள் கடை இருந்த இடத்தில் இந்தத் தடவை காப்பிக் கடை இருக்கும். அதனால் கடைப் பெயர்களை நான் தரப் போவதில்லை. சூலியா தெருவில் தொடங்கி, ஆர்மேனியன் தெரு, ரோப் வாக் என்று எல்லாரும் சொல்லும் ஜாலான் பிந்தால் தாலி என ஒரு வட்டம் நடந்தால் போதும். பழைய சாமான் கடைகளில் கிண்ணங்கள் தனியாக நிற்காது. மண்ணெண்ணெய் விளக்கு, கிராமபோன் தட்டு, துருப்பிடித்த தராசு, கோப்பிக் கோப்பை ஆகியவற்றுக்கு அடியில் அடுக்காகக் கவிழ்ந்து கிடக்கும். விடிகாலையில் எழுந்திருக்க முடிகிறவர் நகர விளையாட்டரங்கை ஒட்டிய லோரோங் கூலிட் சந்தைக்குப் போகலாம். தரையில் துணி விரித்துப் பரப்பி வைத்திருப்பார்கள். வெயில் ஏறினால் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இவ்வளவு சமையலறைச் சாமான் தெருவுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக மலிவு வாடகையில் குடும்பங்கள் இருந்தன. 1999 முடிவோடு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பல குடும்பங்கள் வெளியேறின. வீடு காலியாகும்போது முதலில் கைமாறுவது அடுக்களைச் சாமான். 2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமான பிறகு அதே கடைவீடுகள் விடுதிகளாயின. கிண்ணங்களின் விலையும் ஏறியது. முன்போல் கோணிப்பையில் வாங்கும் காலம் போய்விட்டது.

கிண்ணம் வந்த வழி

சீனப் பீங்கான் தமிழருக்குப் பினாங்கில் அறிமுகமானதல்ல. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீன மட்பாண்டச் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்விலும் சீனப் பீங்கான் துண்டுகள் வந்தன. பினாங்கிலிருந்து கடலைத் தாண்டி அக்கரையில், ராஜேந்திரன் படை சென்ற கடாரமாகிய கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கின் பெங்காலான் பூஜாங் பகுதியிலும் சோங், யுவான் காலத்துச் சில்லுகள் குவியலாகக் கிடைத்தன. மெர்போக்கிலுள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். செலடான் என்ற பழைய பச்சை மெருகு எப்படி இருக்கும் என்பதை அங்கே கண்ணில் ஏற்றிக்கொண்டால், பிறகு கடையில் காட்டப்படும் பாசிப்பச்சைப் பளபளப்பைப் பார்த்ததும் சிரிப்பு வரும்.

சூலியா தெருக் கிண்ணங்களுக்கு இன்னும் நெருக்கமானது டயானா என்ற கப்பலின் கதை. கேன்டனில் சரக்கேற்றிக்கொண்டு சென்னைக்கு வந்துகொண்டிருந்த அந்தக் கப்பல் 1817 மார்ச்சில் மலாக்கா அருகே பாறையில் மோதி மூழ்கியது. 1990-களில் அதைக் கண்டுபிடித்து ஏறத்தாழ 24,000 பீங்கான்களை மேலே கொண்டுவந்தார்கள். 1995-இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலம் விட்டது. சென்னைக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய சாப்பாட்டுக் கிண்ணங்கள் அவை. 1822-இல் காஸ்பர் நீரிணையில் மூழ்கிய தெக் சிங் கப்பலிலிருந்து 1999-இல் எடுத்தவை சுமார் 350,000. இவை 2000-இல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ஏலம் போயின. இந்த இரண்டு ஏலப் பட்டியல்களும் சேகரிப்பவருக்குப் பஞ்சாங்கம் மாதிரி. மூழ்கிய ஆண்டு தெரியும் என்பதால், அதில் இருந்த வடிவமும் சித்திரமும் அந்த ஆண்டில் புழக்கத்தில் இருந்தவை என்று உறுதியாகிறது. உங்கள் கையிலுள்ள கிண்ணத்தை அந்தப் படங்களோடு ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிரபலமான சித்திரத்தைச் சூளைக்காரர்கள் ஐம்பது அறுபது ஆண்டுகூட மாற்றாமல் வரைந்துகொண்டிருப்பார்கள். ஆகவே பட்டியலில் அதே பூ இருக்கிறது என்பதால் உங்கள் கிண்ணமும் 1822-ஐச் சேர்ந்ததாகிவிடாது.

நான்கு வகை

முதலாவது, வணிகர்கள் 'கிச்சன் சிங்' என்று சொல்லும் நீலவெள்ளைக் கிண்ணம். சிங் அரச மரபின் கடைசி நூறு, நூற்றிருபது ஆண்டுகளில் பூஜியன், குவாங்டோங் மாகாணங்களின் சூளைகளில், குறிப்பாகத் தெஹுவாவிலும் அதைச் சுற்றியும், லட்சக்கணக்கில் வனைந்து தெற்கே அனுப்பியது. கனமான உடம்பு, வெள்ளை என்றாலும் சாம்பல் கலந்த வெள்ளை, மெருகில் லேசான நீலச் சாயல். கோபால்ட் நீலம் சில இடங்களில் கறுத்துப் போயிருக்கும். சித்திரம் அவசரத்தில் போட்டது. சிலவற்றில் தூரிகை, சிலவற்றில் அச்சுக் கட்டையால் குத்திய முத்திரை வரிசை. இரட்டை மகிழ்ச்சி எழுத்தைச் சுற்றிக் கொடி, சுருள்சுருளான லிங்ஸி காளான், நட்சத்திர வெடிப்பு, தாமரை ஆகியவை அடிக்கடி வரும்.

இவ்வகைக் கிண்ணத்தின் உள்ளே அடிப்பகுதியைப் பாருங்கள். பலவற்றில் மெருகு இல்லாத ஒரு வெற்று வளையம் இருக்கும். குறைபாடு என்று நினைத்துப் புதியவர்கள் கீழே வைத்துவிடுகிறார்கள். அதுதான் இதன் அங்க அடையாளம். சூளையில் இடத்தை மிச்சப்படுத்தக் கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்குவார்கள். மேலே இருப்பதன் அடிவளையம் கீழே இருப்பதோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க அந்த இடத்து மெருகை வழித்துவிடுவார்கள். அரசனுக்குச் செய்த கிண்ணத்துக்குத் தனி உறை இருந்தது. கூலிக்காரன் கிண்ணம் அண்டை வீட்டான் தோளில் நின்றபடி வெந்தது. எனக்கு இந்த வகைதான் பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. ஒரு சித்திரத்தை ஐம்பது கைகள் ஐம்பது விதமாக வரைந்திருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சந்தோஷம் விலையுயர்ந்த ஒற்றைக் கிண்ணத்தில் வராது.

இரண்டாவது நியோஞா பீங்கான். பெரனாக்கான் என்றும் அழைக்கப்படும் பாபா நியோஞாக் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சிங்டெசென் நகரிலிருந்து வரவழைத்தவை. ரோஜா, வெளிர்ப்பச்சை, மஞ்சள் ஆகிய கண்ணைப் பறிக்கும் நிறங்களில் பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும், ஓரத்தில் பௌத்த மங்கலச் சின்னங்களும் இருக்கும். அந்த ரோஜா நிறம் நுண்ணிய தங்கத் துகளால் வருவது. கல்யாணம், பிறந்தநாள் போன்றவற்றுக்கு இவை. துக்க வீட்டிலும் அன்றாடப் புழக்கத்திலும் நீலவெள்ளை. சர்ச் தெருவிலுள்ள பினாங்கு பெரனாக்கான் மாளிகையில் அசல்கள் நிறைய உண்டு. நுழைவுக் கட்டணம் கொடுத்து நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ஏனென்றால் பினாங்கிலும் மலாக்காவிலும் அதிகம் போலி செய்யப்படுவது இதுதான். சுற்றுலாக்காரருக்கு விற்கும் புதுச் சாமானும், பழையது என்று சொல்லி விற்கும் புதுச் சாமானும் ஒரே பெட்டியில் வந்திறங்குகின்றன.

மூன்றாவது, கோழிக் கிண்ணம். சிவந்த சேவல், கறுத்த வால், பக்கத்தில் ஒரு பியோனி, ஒரு வாழை. மீ கடைகளில் நம் எல்லாருடைய கையிலும் இருந்தது. குவாங்டோங்கின் தாபு பகுதி ஹக்கா குயவர்களிடமிருந்து பரவியது. அந்தப் பகுதியிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் 1950-களில் தாய்லாந்தின் லாம்பாங்கில் வெண்களி கிடைத்ததும் அங்கேயும் செய்யத் தொடங்கினார்கள். பழையதில் சேவலைக் கையால் நாலைந்து வீச்சில் வரைந்திருப்பார்கள். இறகு கோட்டைத் தாண்டிப் போகும். ஒட்டுப்படம் ஒட்டிய புதியதில் எல்லாச் சேவலும் இரட்டைப் பிள்ளைகள். கடையில் நாலு கிண்ணத்தை வரிசையாக வைத்துச் சேவல்களை ஒப்பிட்டாலே முடிந்தது. இதற்கு அரண்மனையில் ஒரு பெரிய சொந்தம் உண்டு: 15ஆம் நூற்றாண்டின் செங்ஹுவா பேரரசர் காலத்துச் சிறு கோழிக் கோப்பை. 2014-இல் ஹாங்காங்கில் சோதபீஸ் ஏலத்தில் அப்படி ஒன்று 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் அதில் தேநீர் ஊற்றிக் குடித்துப் படமும் எடுத்துக்கொண்டார். நமக்கு மீ போதும்.

நான்காவது, செலடான் உள்ளிட்ட உண்மையிலேயே பழைய வகைகள், கடலடிச் சாமான்கள். இவற்றை இந்தத் தெருவில் வாங்க வேண்டாம். பார்க்க ஆசை இருந்தால் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பெலித்துங் தீவருகே 1998-இல் கண்டெடுத்த தாங் காலத்துக் கப்பலின் சாங்ஷா கிண்ணங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் 826ஆம் ஆண்டுக்குரிய தேதி கீறப்பட்டிருக்கிறது.

அடியைத் திருப்பிப் பார்ப்பது

கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் சித்திரத்தைப் பார்க்காதீர்கள். கவிழ்த்துங்கள். சித்திரத்தை எவனும் நகலெடுக்கலாம். அடியைச் சரியாக நகலெடுக்கப் பொறுமை கொண்டவன் குறைவு.

அடிவளையத்தின் விளிம்பில் மெருகு இருக்காது. அங்கே களிமண் நிர்வாணமாகத் தெரியும். பழைய முரட்டுக் கிண்ணத்தில் அந்த மண் தூய வெள்ளையாக இருக்காது. மண்ணிலுள்ள இரும்பு சூட்டில் கசிந்து, மெருகு முடிகிற கோட்டில் ஆரஞ்சு கலந்த பழுப்பாகத் தெரியும். போலியில் இந்த நிறத்தைத் தூரிகையால் பூசுவார்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சில சமயம் துணியில் ஏறிவிடும். விரல் நுனியால் வளையத்தை ஒரு சுற்றுத் தடவுங்கள். எண்பது ஆண்டு மேசையில் உரசிய வளையம் வழவழவென்று இருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. புதியது மணல்தாள் மாதிரி பிறாண்டும். அல்லது இயந்திரத்தில் தேய்த்த சீரான மழமழப்பு இருக்கும்.

அடுத்து உட்புறக் கீறல்கள். பல ஆண்டுகள் கரண்டியும் குச்சியும் பட்ட கிண்ணத்தில் கீறல்கள் எல்லாத் திசையிலும், நடுப்பகுதியில் அதிகமாக, ஓரத்தில் குறைவாக இருக்கும். எல்லாக் கீறலும் ஒரே பக்கமாக ஓடினால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மெருகுக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகளைப் பாருங்கள். விறகுச் சூளையில் வெந்ததில் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். மேற்பரப்பின் குமிழிகள் காலப்போக்கில் உடைந்து நுண்ணிய குழிகளாகி அழுக்கு ஏறியிருக்கும். அமிலத்தில் முக்கிப் பளபளப்பைக் குறைத்த போலி, லென்ஸின் கீழ் முழுப் பரப்பும் சீராக மங்கியிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். மெருகில் சிலந்திவலை வெடிப்பு இருந்தால் பழசு என்று சொல்லிவிடாதீர்கள். வெடிப்பைச் சூளையிலிருந்து இறக்கிய அன்றே வரவழைக்கலாம். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் பழுப்புக் கோடும் வந்துவிடும்.

நியோஞா பீங்கானுக்கு வேறு சோதனை. அதன் நிறங்கள் மெருகுக்கு மேலே, 700-800 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டாம் முறை வைத்து எடுத்தவை. நீலவெள்ளையின் கோபால்ட்டோ மெருகுக்கு அடியில், 1,250 டிகிரிக்கு மேல் மெருகோடு சேர்ந்து வெந்தது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் நியோஞாவின் பூவைத் தொட்டறியலாம். பழையதில் கை அதிகம் பட்ட இடங்களில், குறிப்பாக வாய் விளிம்பில், நிறம் தேய்ந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நிறத்தைச் சுற்றி எண்ணெய் படர்ந்தாற்போல வானவில் சாயல் தெரியலாம். இது நல்ல அறிகுறி. நிறமெல்லாம் அப்பழுக்கின்றி நேற்றுப் போட்டதுபோல் இருந்தால் நேற்றுத்தான் போட்டிருப்பார்கள்.

முத்திரைகளை நம்ப வேண்டாம். அடியில் ஆறு எழுத்தில் 'மாபெரும் சிங் குவாங்சு ஆட்சியில் செய்தது' என்று எழுதுவது எந்தச் சூளைக்காரனுக்கும் சுலபம். குவாங்சு ஆண்டது 1875 முதல் 1908 வரை. அதற்குப் பிறகும் அந்த முத்திரையைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டுக் குயவர்கள் காங்சி, செங்ஹுவா என்று முந்தைய பேரரசர்களின் முத்திரையைப் போட்டதும் உண்டு. அதில் ஏமாற்று எண்ணத்தைவிட முன்னோர் மீதான மரியாதைதான் அதிகம். 'சைனா' என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அந்த ஆண்டிலிருந்துதான் அமெரிக்கா இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயரைக் கேட்டது. பினாங்குச் சமையலறைக்கு வந்த கிண்ணத்தில் பெரும்பாலும் எந்த முத்திரையும் இருக்காது. அல்லது ஏதோ ஒரு கடையின் சின்னம், இரண்டு கீற்று.

உடைசலைக் கண்டுபிடிக்க, கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். முழுக் கிண்ணம் மணியோசை தரும். விரிசல் விட்டது சொத்தென்று சாகும். ஒட்டி வண்ணம் தீட்டிய இடத்தைச் சிறிய புறஊதா டார்ச் காட்டிக்கொடுக்கும். புதிய பசை இருட்டில் வெளிறி ஒளிரும். ஆனால் பழைய காலத்தில் உலோகத் தையல் போட்டுச் சேர்த்த கிண்ணம் கிடைத்தால் விடாதீர்கள். உடைந்ததைத் தூக்கிப் போடாமல் தெருவில் வந்த தையல்காரனிடம் கொடுத்துத் துளையிட்டுப் பித்தளைப் பிடிகள் அடித்து வாங்கியிருக்கிறார்கள். வணிகர் அதைக் குறை என்று சொல்லி விலை குறைப்பார். குறைக்கட்டும்.

கடலடிச் சாமான் என்று சொல்லிச் சிப்பி ஒட்டிய கிண்ணங்கள் வருவதும் உண்டு. சிப்பியின் அடியில் பசைக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். உண்மையான கப்பல் சரக்குக்கு ஏலச் சீட்டும் எண்ணும் இருக்கும். சீட்டையும் போலி செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பேரம்

சூலியா தெருக் கடைக்காரர் ஹொக்கியன் பேசுவார், மலாய் பேசுவார், பல சமயம் நம்மிடம் ஒன்றிரண்டு தமிழ்ச் சொல்லும் விடுவார். "தவுக்கே, அடா ரெத்தாக்?" என்று விரிசல் இருக்கிறதா எனக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். நாணயமான வியாபாரி தானே எடுத்துக் காட்டுவார். "இனி லாமா கா, பாரு?" என்ற கேள்விக்கு, பழசா புதுசா என்பதற்கு, "கொஞ்சம் பழசு" என்று பதில் வந்தால் புதுசு. முதல் போணி நம்பிக்கை அவர்களுக்கும் உண்டு, காலையில் முதல் ஆளாகப் போனால் "போலே கூராங் சிக்கிட்?" என்று கொஞ்சம் குறைக்கக் கேட்பதற்குத் தலையாட்ட வாய்ப்பு அதிகம். ஒரு கிண்ணத்தை மட்டும் குறிவைத்துக் கேட்காமல் நாலைச் சேர்த்துக் கேளுங்கள். பேரம் படியாவிட்டால் கிண்ணத்தை இரண்டு கையாலும் பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை அவர் உங்களை நினைவு வைத்திருப்பார்.

குடும்பத்தில் நோயாளி இருக்கிறார், பாட்டியின் சீதனம், இன்றே விற்க வேண்டும் என்று கதை வந்தால் கதைக்கும் சேர்த்து விலை போட்டிருக்கிறார்கள். 2021-இல் அமெரிக்காவில் 35 டாலருக்கு வீட்டு வாசல் விற்பனையில் வாங்கிய கிண்ணம் நியூயார்க் ஏலத்தில் 721,800 டாலருக்குப் போன செய்தியைப் பல கடைக்காரர்கள் கைபேசியில் வைத்திருக்கிறார்கள். அது உண்மைச் செய்திதான். அதைக் காட்டி விற்கும் கிண்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாங்கிய பிறகு

ரசீது கேளுங்கள். கையெழுத்தில் எழுதித் தந்தாலும் சரி, தேதியும் விலையும் 'நீலவெள்ளைக் கிண்ணம்' என்ற விவரமும் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் அடியையும் உள்ளையும் படமெடுத்து, விட்டமும் உயரமும் எழுதி வையுங்கள். வாங்கிய இடம் பதிவாகாத கிண்ணம் உங்கள் பிள்ளைகளுக்கு வெறும் பழைய கிண்ணம்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் லேசான சோப்பும் போதும். குளோரின் கலந்த ப்ளீச் கூடாது. மெருகு வெடிப்புக்குள் புகுந்து உள்ளிருந்தே சேதம் செய்யும். அடுக்கும்போது கிண்ணத்துக்குக் கிண்ணம் துணித்துண்டு வையுங்கள். சுவரில் மாட்டும் கம்பிப் பிடிகள் விளிம்பைப் பல்லுப்பல்லாகப் பெயர்த்துவிடும்.

நியோஞாவிலும் மற்ற வண்ணக் கிண்ணங்களிலும் சாப்பிடாதீர்கள். மேல்நிறங்களில் ஈயம் இருக்கிறது. புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து வெளியே இழுக்கும். ரசம் ஊற்ற அதைவிட மோசமான பாத்திரம் இல்லை. மெருகுக்கு அடியில் நிறமுள்ள நீலவெள்ளையில் ஆபத்து குறைவு என்றாலும், விரிசல் விட்டதில் அழுக்குத் தங்கும் என்பதால் அதையும் அலமாரியிலேயே விடுவது நல்லது.

வெளிநாடு கொண்டுபோகிறவர் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் பழம்பொருள்கள் 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் கண்ணில் படக்கூடியவை. பாரம்பரியப் பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோக ஆணையரின் உரிமம் தேவை. விலை கூடிய ஒன்றை வாங்கினால், தேசியப் பாரம்பரியத் துறையிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். கடைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது உரிமமாகாது. தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருபவர் ரசீதோடு சுங்கத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டான பொருள் தொல்பொருள் ஆகிவிடும். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அதாவது சென்னையில் இறக்கிய கிண்ணத்தைச் சிங்கப்பூரிலுள்ள மகனுக்குத் திரும்ப அனுப்புவது லேசில் நடக்காது. எந்த ஊரில் கடைசியாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கட்டும்போது கிண்ணத்துக்குள் மெல்லிய தாளைக் கசக்கி நிறையத் திணித்து, வெளியே இரண்டு சுற்றுத் துணி, அதன்மேல் குமிழித் தாள். விளிம்பு கீழ்நோக்கி இருக்கக் கூடாது. கிண்ணம் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையச் சோதனையில் பிரிக்கச் சொல்வார்கள். ஆகவே பசைநாடாவை வரிந்து கட்டாமல், எளிதில் அவிழ்க்கும்படி கயிற்றால் ஒரு முடிச்சு போடுங்கள், ரசீதை மேலேயே செருகி வையுங்கள்.